வீட்டை யாரு பாக்குறது என்று கேட்ட தங்கச்சிக்கு

போன மாதம் எங்கள் நாடகம் முடிந்து முகத்தில் இருந்த பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவகோட்டையில் இருந்து வந்திருந்த ஒரு தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. "அக்கா, பள்ளிக்கூடத்துல நானும் நடிச்சிருக்கேன். இப்பவும் ஆசையாத்தான் இருக்கு. வந்துட்டா வீட்டை யாரு பாக்குறது?" என்றாள். "வாம்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. "பாத்துக்கலாம்" என்று யாரோ என்னிடம் சொன்னபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பது நினைவுக்கு வந்தது. அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை முழுசாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு காரைக்குடியில். கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான். குழுவில் 13 பேர், யாருக்கும் நாடகம் பிழைப்பு இல்லை. ஒரு அண்ணன் தபால் பட்டுவாடா செய்கிறவர், ஒரு அக்கா நர்ஸ், இரண்டு பேர் காலேஜ் பிள்ளைகள், ஒரு தம்பி ஆத்தங்குடியில் டைல் பட்டறையில் வேலை பார்க்கிறான். எழுதி இயக்குகிறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மாசத்துக்கு ஆளுக்கு 200 ரூபாய் போட்டு மைக் செட், வேன் வாடகை எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்.

ஒத்திகை நடப்பது கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஏழு பங்கு. ஒருவர் சரி என்று சொன்னால் போதாது, ஏழு பேரும் சொல்ல வேண்டும். ஐயா அத்தனை பேருக்கும் போன் போட்டுப் பேசி வாங்கிக் கொடுத்த சாவி அது. படைப்பு என்கிற குடும்பக் கும்பிடு, கல்யாணம் என்று பங்காளிகள் வந்துவிட்டால் எங்களுக்கு இடம் இல்லை. அது அவர்கள் வீடு, அதில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. மற்ற நாட்களில் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், தூண்களுக்கு நடுவே நடிப்போம். தரையில் ஆத்தங்குடிக் கல், பூப் போட்ட டைல். அதையே கணக்கு வைத்துத்தான் ஐயா இடம் சொல்வார். "நாலு கல் முன்னால வா. சிவப்புப் பூவுல நில்லு. அவரு ரெண்டாவது தூணைத் தாண்டுன பிறகு நீ திரும்பு." மேடைக்குப் போனால் கல்லும் இருக்காது, தூணும் இருக்காது. ஆனால் கால் மட்டும் அந்த நாலு கல்லை மறக்காது. வெறும் பலகையில் நடக்கும்போதும் உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி தெரிகிற மாதிரியே இருக்கும்.

இந்த முறை நாடகம் பர்மாவைப் பற்றியது. கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, ரங்கூன் போன கணவன், பள்ளத்தூரில் காத்திருக்கும் அவன் மனைவி ஆச்சி. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்கள் லட்சக்கணக்கில். வந்து சேராதவர்களும் உண்டு. குண்டு விழுந்த செய்தி ஊருக்குத் தெரிந்த பிறகு, அதற்கு முன்னால் கணவர் எழுதிப் போட்ட கடிதம் ஆச்சி கையில் வந்து சேர்கிறது. அந்தக் காட்சிதான் நாடகத்தின் உயிர். ஆச்சி வேஷம் எனக்கு.

தை பிறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆலையில் புது நெல் வரத்து. லாரி லாரியாக வந்து நிற்கும். எடைச் சீட்டு, ஈரப்பதம் பார்த்த சீட்டு என்று இரவு எட்டு மணி வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. மகளுக்குத் திருப்புதல் தேர்வு. அந்த நேரத்தில் மாமியார் பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் 11 நாள். நானும் என் நாத்தனாரும் முறை வைத்துத் தங்கினோம். ஆறு ஒத்திகைக்கு என்னால் போக முடியவில்லை.

ஏழாம் நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "ஈடுபாடு இல்லாதவர்கள் இப்போதே விலகிக்கொண்டால் மற்றவர்களுக்கு நல்லது." பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். அழுகை வந்தது. அந்த நேரம் என் பையில் நாடகப் பிரதி இருந்தது. முதல் நாளில் இருந்தே இருந்தது.

அதற்காக எழுதினவர் மேல் மட்டும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தபால்கார அண்ணன்தான் என் கணவராக நடிக்கிறவர். அவர் பிறகு சொன்னார், "ஆறு நாளா தூணைப் பாத்து வசனம் பேசுனேன்த்தா. தூணு பதில் சொல்ல மாட்டேங்குது." ஒருத்தர் வரவில்லை என்றால் அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருப்பதில்லை. எதிரில் நிற்கிறவருடைய நடிப்பும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் அந்த டைல் பட்டறைத் தம்பி தினமும் அரை மணி நேரம் தாமதமாக வந்தபோது, "உனக்கு மட்டும்தான் வேலை இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் நான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் ஆத்தங்குடி போனபோது பார்த்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையால்தான் ஒவ்வொரு கல்லாக வார்க்கிறார்கள். முந்தின நாள் வார்த்ததைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். பாதியில் விட்டுவிட்டு வந்தால் அவன் கூலி போகும். ஒத்திகையில் நாங்கள் மிதித்து நடக்கிற அந்தக் கல்லுக்காகத்தான் அவன் தாமதமாக வந்தான். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவன் அன்றைக்குப் பட்ட அவமானத்தை என்னால் எடுத்துவிட முடியாது.

ஈடுபாடு என்ற சொல்லை நாம் தப்பான இடத்தில் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் எண்ணம். ஆறு மணிக்கு வந்து ஒன்பது மணி வரை உட்கார முடிகிறவருக்கு ஈடுபாடு இருக்கிறது, முடியாதவருக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உட்கார முடிவதற்குப் பின்னால் வேறொருவருடைய உழைப்பு இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தொழில்முறை இல்லாமல் ஆசைக்காக நாடகம் போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அவர்தான் முன்னோடி. வக்கீல் வேலையும் பார்த்துக்கொண்டு 90க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு. ஆனாலும் ஒத்திகை முடிந்து அந்தச் சபையின் ஆண்கள் வீடு திரும்பியபோது யார் விளக்கைப் போட்டுக்கொண்டு, சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பெண் வேஷத்தையும் ஆண்களேதான் கட்டினார்கள்.

எங்கள் குழுவிலும் அதேதான். தபால்கார அண்ணன் ஒருநாள் கூடத் தவறாமல் வருகிறார் என்றால், அவர் வீட்டு அண்ணி ஒருநாள் கூடத் தவறாமல் வீட்டில் இருக்கிறார். அந்த அண்ணிக்கும் பாட்டு நன்றாக வரும். இதை அண்ணனிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நான் நெனச்சதே இல்லத்தா" என்றார்.

ஆஸ்பத்திரி இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியாருக்கு வலியில் தூக்கம் வராது. சின்ன வயசில் மானாமதுரைப் பக்கம் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்க்க விடிய விடிய பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தவர். வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கிற தர்க்கத்தில் பாதி இன்னும் வாயில் இருக்கிறது. நான் பிரதியை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "இங்க குடு, நான் வாசிக்கிறேன், நீ பதில் சொல்லு" என்றார். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். கடிதத்தை எழுத்துக் கூட்டி, "ரங்... கூ... னில்... அனை... வரும்... நலம்" என்று வாசித்தார். நான் ஒத்திகையில் செய்கிற மாதிரியே இரண்டாவது வரியில் அழ ஆரம்பித்தேன். அவர் தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இவ ஏன் இம்புட்டு வெரசா அழுகுறா? கடுதாசிய முழுசா வாசிச்சு முடிச்சாளா?"

இரண்டு மாதமாக ஐயாவுக்கும் எனக்கும் பிடிபடாமல் இருந்தது அதுதான். ஆச்சிக்கு அந்தக் கடிதம் எழுத்து எழுத்தாகத்தான் புரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கடைசியில் கையெழுத்து வரைக்கும் வந்து, அதற்கு மேல் வாசிக்க ஒன்றும் இல்லை என்று தெரிகிற இடத்தில்தான் உடைய முடியும். மேடையில் அப்படித்தான் செய்தேன். நான் போகாத அந்த ஆறு ஒத்திகையில் கற்றுக்கொள்ள முடியாததை வார்டில் கற்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் ஐயாவிடம் என் நோட்டைக் காட்டினேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. மார்கழியில் ஒரு வாரம் நான் ஒத்திகையில் இருந்தது 15 மணி நேரம். என் காட்சிகளில் வேலை நடந்தது மூன்றரை மணி நேரம். மீதி நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினொன்றரை மணி நேரம் என் மகளுடையது, என் மாமியாருடையது. ஐயா நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "நாடகம்னா எல்லாரும் கூடவே இருக்கணும்மா, அப்பதான் ஒட்டும்" என்றார். அது உண்மைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரும், மற்ற நாளில் காட்சிக்கு உரியவர்கள் மட்டும், ஒரு மணி நேரம் என்று முடிவானது. சண்டை இல்லாமல் முடியவில்லை. இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொரு வழியை நம் ஊர் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடம் இருந்து எடுத்துக்கொண்டோம். புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) எல்லாரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, வேறு வேறு ஊரில் இருந்து வந்து இறங்குவார்கள். ஒன்றாக ஒத்திகை என்பதே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடை ஏறி விடியும் வரை நடிப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்தது எல்லாருக்கும் பாடம் என்பதால்தான் அது முடிகிறது. கதை, பாட்டு, எதிராளியின் வசனம் எல்லாம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிறது. அந்தத் திறமை எங்களுக்கு இல்லை, அவர்கள் பட்ட பாட்டையும் நாங்கள் பட்டதில்லை. ஆனால் தன் வசனத்தை மட்டும் படிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம். இப்போது ஆளுக்கு இரண்டு பாத்திரம் பாடம். நான் இல்லாத நாளில் காலேஜ் பிள்ளை ஆச்சியாக நிற்கும். அந்தப் பிள்ளை ஒருநாள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாளாம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அதையே நானும் செய்தேன். கைதட்டல் அந்த இடத்தில்தான் வந்தது. அது அவளுக்குச் சேர வேண்டிய கைதட்டல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கணவர் ஏழு மணிக்கே கடையை அடைத்துவிட்டு வருகிறார். அதில் வருமானம் குறைகிறது. அதை வைத்து எங்களுக்குள் சண்டை வந்தது, இனியும் வரும். மாமியாருக்குச் சுகர் ஊசி போட அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். முதல் நாள் கை நடுங்கியது.

தங்கச்சி, உன் பெயரைக் கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். இது உன் கண்ணில் படும் என்று நம்புகிறேன். அடுத்த நாடகத்துக்கு வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உட்காருகிறோம், ஆறு மணிக்கு முடித்துவிடுவோம். தேவகோட்டைக்குத் திரும்ப பஸ் இருக்கும். நர்ஸ் அக்கா மகளுக்கு மூன்று வயசு. அவளுக்காக வளவின் ஓரத்தில் ஒரு சமுக்காளம் விரித்தே வைத்திருக்கிறோம். உன் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளுக்கு ஏற்ற வேஷத்தை ஐயா எழுதுவார். நான் கேட்டுவிட்டேன்.