கையெழுத்து எஞ்சினில், மற்றதெல்லாம் லைனில்

கையால் கோர்த்த காருக்குத்தான் உயிர் உண்டு, ஆலையின் அசெம்பிளி லைனில் வரிசையாக இறங்குவதெல்லாம் வெறும் தகரம் என்று கார்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் தீர்ப்பே எழுதிவிட்டார். அப்படிப் பிரிக்க முடியுமா என்ன?

நிஸானின் ஸ்போர்ட்ஸ் காரான ஜிடி-ஆர் ஆர்35-ஐப் பாருங்கள். அதன் வி6 எஞ்சினை யோகோஹாமாவில் ‘தகுமி’ எனப்படும் கைதேர்ந்த ஒரே ஆள் முதலிலிருந்து கடைசிவரை கோர்த்தார். எஞ்சின் மேல் அவர் பெயர் பொறித்த தகடும் இருக்கும். ஆனால் முழு வண்டி உருவானது தொச்சிகி ஆலையில், மற்ற மாடல்களும் வரும் அதே லைனில்! இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கை உண்மையிலேயே பயன்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இடைவெளியை அளந்து, மைக்ரான் கணக்கில் பொருத்தமான பேரிங்கைத் தேர்ந்தெடுப்பது அப்படி ஒன்று. கதவும் பானெட்டும் வேறு கதை. சுத்தியலால் தட்டி வளைத்த அந்தக்காலப் பாடிகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது. ஒரு காரின் கதவைக் கழற்றி அதே மாடலின் இன்னொரு காரில் மாட்டினால் உட்காராது. ரசிகர்கள் இதையும் ‘குணம்’ என்பார்கள். விபத்துக்குப் பிறகு உதிரிபாகம் தேடியவரிடம் கேளுங்கள்!

1990களின் தொடக்கத்தில் போர்ஷே நஷ்டத்தில் தள்ளாடியபோது, பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவையானபோது மட்டும் லைனுக்குக் கொண்டுவரும் டொயோட்டா முறை தெரிந்த ஜப்பானிய ஆலோசகர்களைத்தான் கூப்பிட்டார்கள். பாகங்கள் குவிந்த உயரமான அலமாரிகளைப் பாதியாக அறுத்துப் போட்டார்கள். அதன்பின் வந்த போர்ஷே 911 காரை யாரும் தகரம் என்று சொல்லிக் கேட்டதில்லை.