திரை இருண்டால் பேனல் போய்விட்டது என்று பொருளல்ல
மடிக்கணினியின் திரை இருண்டுவிட்டால் படம் காட்டும் பலகையான பேனலையே மாற்ற வேண்டும் என்று மேலே உள்ள கட்டுரை சொல்வதை, 2008-க்கு முந்தைய மடிக்கணினிகளைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பின்னொளிக்கு, அதாவது படத்துக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு, எல்இடி கிடையாது. மெல்லிய குழல் விளக்கும், அதற்குப் பல நூறு வோல்ட் தரும் இன்வெர்ட்டர் பலகையும்தான். டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. இயக்கியதும் செந்நிறம் படர்ந்து பிறகு அணைந்தால், பெரும்பாலும் விளக்குக்கு வயதாகிவிட்டது. என் பழைய கணினிக்குப் புதுத் திரை வேண்டும் என்று கடைக்காரர் விலைகூடச் சொல்லிவிட்டார். இன்வெர்ட்டரை மட்டும் மாற்றியதில் சரியாகிவிட்டது. மூடியை அசைத்தால் திரையில் கோடு வருகிறது என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: கீல் வழியே போகும் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளி மானிட்டருக்கான விஜிஏ இணைப்பு வழியாக வேறு மானிட்டரை இணைத்துப் பாருங்கள், அங்கே கோடு இல்லையென்றால் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பின் மீது பழி போட வேண்டியதில்லை.