அரக்கு 'அவுட்' என்று சொன்னவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக என் டைம்லைன் முழுக்க அதுதான். 2026 கல்யாணச் சேலைகளில் எந்த நிறம் இன், எது அவுட் என்று ஒரு பட்டியல். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் அவுட், 'ஆன்ட்டி கலர்'. இனி வெள்ளையும் வெளிர் நிறமும்தானாம். நான் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டுப் பெண். கீழே மரியாதையாகத்தான் ஒரு வரி கேட்டேன். அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள்.

வரும் வருஷம் எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்வது கணிப்பு இல்லை, விற்பனை. இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-இலிருந்து வருஷத்துக்கு ஒரு நிறத்தை அறிவித்துக்கொண்டிருக்கிறது. நிறங்களுக்கு எண் போட்டு அந்த அட்டைகளை விற்பது அவர்கள் தொழில். 2025-க்கு மோக்கா மூஸ் என்றார்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் காப்பிப்பொடி கலர் என்று எத்தனையோ காலமாக நெய்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும் நிறம். 2026-க்கு கிளவுட் டான்ஸர் என்று ஒரு வெள்ளை. சொல்லட்டும், அது அவர்கள் வியாபாரம். அதை எடுத்து வந்து எங்கள் பட்டின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்தான் பாவு. ஒரு பாவுக்கு மூன்று சேலை. கர்நாடகப் பட்டு, சூரத் ஜரிகை. சாயம் தோய்த்து, பாவு ஓட்டி, பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைத்த பிறகுதான் தறி ஓடும். கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை என்றால், குறுக்கு இழை ஓட்டும் நாடா கரைக்குத் தனி, கூட ஒரு ஆள். மூன்று சேலையும் தறியிலிருந்து இறங்க ஒன்றரை, இரண்டு மாசம் ஆகிவிடும். நீங்கள் அரை நிமிஷத்தில் அவுட் என்று சொல்லும் நிறம் அப்போது தறியில் இருக்கிறது.

2017 டிசம்பரில் இந்தி நடிகை அனுஷ்கா ஷர்மா கல்யாணத்துக்கு வெளிர் ரோஜாவில் லெஹங்கா போட்டார். அப்புறம் எங்கே பார்த்தாலும் பேஸ்டல் என்கிற வெளிர் நிறங்கள்தான். அப்பாவுக்கும் ஒரு கடைக்காரர் வெளிர் ரோஜாப் பாவு கொடுத்தார். அந்த நிறத்தில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் தெரியும். அப்பா துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு நெய்தார். எழுந்து போகும்போதெல்லாம் பாவின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுப் போவார். மூன்றாவது சேலையைக் கொண்டுபோனபோது, "இப்போ இது போக மாட்டேங்குது" என்று பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். பேஸ்டல்தான் ஓடும் என்று சொன்னவர் யாரும் வந்து அந்தப் பாதியைத் தரவில்லை.

புதுசு என்றாலே உனக்கு ஆகாது என்பீர்கள். அப்படி இல்லை. கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளையும் சந்தனமும் நெய்து தருவது நாங்கள்தான். எம்.எஸ். ப்ளூ என்கிற நீலமும் ஒரு காலத்தில் புதுசுதான். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டினார், பார்த்தவர்களுக்குப் பிடித்தது, கேட்டு வாங்கினார்கள். அதற்காக இன்னொரு நிறத்தைக் கேவலப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு வீடியோதானே, தள்ளிவிட்டுப் போ என்கிறீர்கள். கடைக்காரர்களும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுத் தொழில், அதனால் கத்துகிறாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், எங்கள் வீட்டுத் தொழில்தான். வேறு யார் கத்துவார்கள்?

'ஆன்ட்டி கலர்' என்ற வார்த்தைதான் இன்னும் ஆறவில்லை. என் அம்மாவின் கூறைப்புடவை அரக்கு. பீரோவில் மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். மடிப்பில் ஜரிகை விட்டுப்போகக் கூடாது என்று அவ்வப்போது பிரித்து, மாற்றி மடித்து வைப்பார். சின்ன வயசில் அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. என் கல்யாணத்துக்கு அப்பாவே அதே அரக்கில் நெய்தார். இதை ஒரு சிரிப்போடு அவுட் என்று சொல்லிவிட்டுப் போக எப்படி மனசு வருகிறது?

நேற்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். யாரோ அவருக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். "ஏம்மா, அரக்கு இனிமே போகாதாமே?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லைப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் தறியில் இப்போது இருப்பது அரக்குப் பாவு. ஒரு சேலைதான் இறங்கியிருக்கிறது.