இரண்டு வார்ப்புருக்களைக் கலந்தாலே இருவகைத் துளைகள் கிடைத்துவிடுமா?

வார்ப்புரு என்பது, தன்னைச் சுற்றிப் பொருள் வளரும்போது துளைக்கு வடிவம் தரும் மூலக்கூறு அல்லது மூலக்கூறுத் திரள். சிறிய வார்ப்புரு ஒன்றையும் பெரிய வார்ப்புரு ஒன்றையும் ஒரே கலவையில் சேர்த்தாலே இரு அளவு நுண்துளைகளும் ஒருங்கே அமைந்த ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்) உருவாகிவிடும் என்று பரவிவரும் கூற்று சரியன்று.

சிறிய வார்ப்புருவான டெட்ராபுரொப்பைல் அம்மோனியம் அயனி ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் துளைகளுள்ள இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட் படிகத்தையும், நீண்ட வாலுடைய அம்மோனிய மூலக்கூறுகள் திரண்டமையும், பெரிய வார்ப்புருவான மிசெல்கள் 1992இல் அறிவிக்கப்பட்ட எம்.சி.எம்-41 போன்ற, சில நானோமீட்டர் அகலத் துளைகள் கொண்ட சிலிக்காவையும் தருவது உண்மையே. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கும்போது அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வளரும் படிகம் மிசெல்களை வெளியே தள்ளிவிடுகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கூரிய விளிம்புகளுள்ள படிகங்கள் ஒருபுறமும் படிக ஒழுங்கற்ற சிலிக்கா மறுபுறமுமாகத் தனித்தனியே கிடக்கும்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். பொருளின் உள் ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் இரண்டுக்கும் உரிய முகடுகள் தெரிவதால், வெறும் கலவையே ஒற்றைப் பொருள்போலத் தோன்றிவிடுகிறது. நுண்ணோக்கிப் படம் இல்லாமல் அத்தகைய முடிவை ஏற்கவே கூடாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2009இல் தென்கொரியாவின் ரியோங் ரியூ குழுவினர், 22 கார்பன் நீள வாலையும் இரு அம்மோனியத் தலைகளையும் ஒரே மூலக்கூறில் பிணைத்து, 2 நானோமீட்டர் தடிமனுள்ள ஜியோலைட் தகடுகளை வளர்த்துக் காட்டினர். சிறிய துளைகள் தகடுகளுக்குள்ளும், பெரிய துளைகள் தகடுகளின் இடைவெளியிலும் அமைகின்றன.