மூன்று மாதப் பயிரும் முப்பது வருட மரமும்

நான்கு வருடங்களுக்கு முன்பு இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் நடந்த ஒரு வீட்டுத்தோட்டப் பயிற்சிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பயிற்சி கொடுத்தவர் மூன்று கம்புகளை 'ஏ' எழுத்து மாதிரிக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார். நூல் குறுக்குக் கம்பின் நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே சரிவில் கால் மாற்றி மாற்றி வைத்து முளை அடித்துக்கொண்டே போனால் மட்டக்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் கான், அதாவது சின்ன வாய்க்கால், வெட்டினால் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். பெர்மாகல்ச்சர் என்ற விவசாய முறையில் இது முதல் பாடம் என்றார். அப்பா என் காதோரம் குனிந்து, "இது நம்ம கான் வெட்டுற வேலதானே" என்றார்.

அப்பா 31 வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தேயிலை மலையில் கான் வெட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. லேசான சாய்வில் போகும் கானுக்குள் இடைக்கிடை மண்ணை வெட்டாமல் சின்ன வரப்பு போல விட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கே தேங்கி, சுமந்து வந்த மண்ணை அடியில் இறக்கிவிட்டு, நிரம்பிய பிறகுதான் அடுத்த குழிக்கு வழியும். மழை விட்டதும் அந்த வண்டலை அள்ளித் திரும்பவும் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். பெர்மாகல்ச்சர் என்ற பெயர் 1978இல் ஆஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வைத்தது. நிரந்தரம், விவசாயம் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்த பெயர். அதில் வேலைத்திறன் எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. நிரந்தரம் என்ற பாதிதான் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால், பாய் விரிக்கிற அளவு பாத்தியின் ஓரத்தில், அப்பா ஒரு பட்டர் ஃபுரூட் கன்று வைத்தார். என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் தோட்டத்து நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, மரப்பயிர் வைக்கக் கூடாது, நாளைக்கு நிலத்துக்கு உரிமை கேட்பீர்கள் என்றார். அப்பாவே தன் கையால் பிடுங்கினார். அதற்குப் பிறகு போஞ்சி, முள்ளங்கி, கோவா, கீரை. மூன்று மாதத்தில் முடிகிறதை மட்டும்தான் நட்டோம்.

கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டைச் சுற்றித் தென்னை, கமுகு, பலா, அதில் படர்ந்த மிளகு, கீழே கோப்பி, சாதிக்காய் என்று அடுக்கடுக்காக நிற்கும். தாத்தா வைத்த மரத்தில் பேரன் காய் பறிக்கிறான். அந்தக் காணி அவர்கள் பெயரில் இருக்கிறது. தோட்டத்துச் சனத்துக்கு மரம் வளர்க்கத் தெரியாது, சோம்பேறிகள் என்று பேசுகிறவர்கள் இதையும் யோசித்துவிட்டுப் பேசட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னார்கள். நாள் கூலிக்குக் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அந்த லீவும் இல்லை, நடுவதற்கு இடமும் இல்லை.

எங்களுக்கு ஐந்து வருடத்துக்கு முன்பு 7 பேர்ச்சஸில் வீடு கிடைத்தது. ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக மிச்சம் சரிவு. அப்பா அதில் குறுக்கே மூன்று கான் வெட்டினார். கானின் ஈர விளிம்பில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தானாகப் பரவிவிட்டன. வேலியில் சவ்சவ் ஏறியிருக்கிறது. காயைப் போலவே அதன் தளிரும் சுண்டுவதற்கு அருமையாக இருக்கும், பலர் இது தெரியாமல் வெட்டிப் போடுகிறார்கள்.

மண்தான் முதலில் பாடாய்ப் படுத்தியது. தேயிலை நின்ற மண் புளித்த மண். புளிப்பைக் காட்டும் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குச் சந்தோஷம். கரட்டும் லீக்ஸும் 6க்கு மேல் கேட்கும். புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போட்டோம். அப்புறம் அம்மா அடுப்புச் சாம்பலைக் கொட்டாமல் தகரத்தில் சேர்த்து வைத்து, சலித்து, கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். ஒன்று மட்டும் கவனம்: சாம்பலையும் பச்சைச் சாணத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

உரத்துக்கு ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற காட்டுச் சூரியகாந்தி போதும். பூக்கும் முன்பே இளம் கிளையை வெட்டி, நறுக்கி, பாத்தியில் போட்டு மண் மூடிவிடுங்கள். அதன் இலையில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய, சீக்கிரம் மக்கியும்விடும். ஆடி மாதக் கச்சான் காற்று எங்கள் ஊவாப் பக்கத்தில் மண்ணை உறிஞ்சி எடுக்கும். மானாப்புல்லை அறுத்துப் பாத்திமேல் கனமாகப் பரப்பினால் அடியில் கையை விட்டுப் பார்க்கலாம், குளிர்ச்சியாகவே இருக்கும்.

எங்கள் பாத்தியில் மண்புழு வர இரண்டு வருடம் ஆனது. 2021 மே மாதம் அரசாங்கம் நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று சொல்லி ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டது. அந்தத் தோல்வியைக் காட்டி இயற்கை விவசாயமே பொய் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய காலத்தை யாரும் கொடுக்கவில்லை.

7 பேர்ச்சஸ் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. அரிசி, மா, பருப்பு எல்லாம் எங்களுக்கும் கடையில்தான். ஆனால் கீரைக்கும் மரக்கறிக்கும் சந்தைக்குப் போவது ரொம்பக் குறைந்துவிட்டது. மருந்தடிக்காத கீரையை அம்மா தினமும் சாப்பிடுகிறார், அதுவே எனக்குப் பெரிய விஷயம். இதை எல்லா லயத்துக் குடும்பமும் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன்: விதைப் பாக்கெட் கொடுக்க வருகிற அமைப்புகளே, அதோடு காணி உறுதிக்கும், அதாவது நிலப் பத்திரத்துக்கும் குரல் கொடுங்கள். வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பெயரில் நிலம் இல்லாதவர் மூன்று மாதத்துக்கு மேல் யோசித்து நட மாட்டார்.

போன மார்கழி மழையில் அப்பா மறுபடியும் ஒரு பட்டர் ஃபுரூட் கன்று வைத்தார். ஒட்டுக் கன்று வாங்கித் தருகிறேன், சீக்கிரம் காய்க்கும் என்றேன். வேண்டாம் என்று தானே கொட்டை போட்டு முளைக்க வைத்தார். விதைக் கன்று காய்க்க ஏழெட்டு வருடம் பிடிக்கும். அப்பாவுக்கு வயது 68. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கானில் இறங்கி, வண்டலை அள்ளி அதன் தூரில் போடுகிறார்.