ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, அப்புறம்?

நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வந்து இறங்கியிருக்கும் மின்னணுச் சாமான்களை யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மட்டும் 6,029 ஹைடெக் லேப். தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள். பின்னாலேயே நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் டேப்லெட். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி தனிக் கணக்கு. இதில் எதையும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளை தொடுகிற திரையை, கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளையும் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

என் சண்டை, சாமான் வந்த மறுநாளைப் பற்றியது. டெண்டர், கொள்முதல், லாரி, திறப்பு விழா எல்லாவற்றுக்கும் தேதி போட்டுத் திட்டம் இருக்கிறது. மறுநாள் காலை அதை யார் ஆன் செய்வது, எந்தப் பாடத்துக்கு, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் திட்டம் இல்லை. மினி பஸ் வாங்கி மாலை போட்டு நிறுத்திவிட்டு, டிரைவர் போஸ்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மாதிரி.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். பள்ளிக்கு வருகிற எந்தப் பொருளும் முதலில் போய் உட்காருகிற இடம் இருப்புப் பதிவேடு. அதில் ஏறிவிட்டால் அந்தப் பொருளுக்குத் தலைமை ஆசிரியர்தான் பொறுப்பு. ஆடிட் வரும்போது எண்ணிக் காட்ட வேண்டும். மாறுதலில் போகும்போதும் ஓய்வு பெறும்போதும் ஒவ்வொன்றாக அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உடைந்த நாற்காலியைக்கூட நினைத்தபடி தூக்கிப் போட முடியாது. அதை உபயோகத்துக்கு ஆகாதது என்று கழித்துக் 'கண்டம்' செய்வதற்கு ஒரு நடைமுறை, அதற்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்கு ஒரு காத்திருப்பு. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் விலை கூடிய ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும்? உறை போட்டு மூடுவார்கள். ரிமோட் பீரோவுக்குள் போகும். பீரோ சாவி இடுப்பில் இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இருந்த தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருவார். ப்ரொஜெக்டர் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "டீச்சர், நீங்க நல்லா நடத்துவீங்க, எனக்குத் தெரியும். எடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்? இன்னும் ஒன்றரை வருஷம்தான் எனக்கு சர்வீஸ்." இதில் அவர் மேல் என்ன தப்பு? உபயோகித்துப் பழுதானால் விசாரணை வருகிறது. உபயோகிக்காமல் புத்தம் புதிதாக வைத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இந்த இரண்டில் ஓய்வு பெறப் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அதனால் பள்ளிக்கல்வியில் தொழில்நுட்பத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டிய வரி இதுதான் என்பேன்: வகுப்பில் உபயோகித்துப் பழுதாகும் பொருளுக்கு ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் பொறுப்பில்லை. இந்த ஒரு வரி சுற்றறிக்கையாக வரட்டும். பாதி பீரோக்கள் தானாகத் திறந்துகொள்ளும்.

சரி, திறந்துவிட்டோம். என்ன நடத்துவது?

இங்கேதான் பெரும்பாலும் வீடியோவில் போய் விழுகிறோம். நீர் சுழற்சிக்கு ஒரு வீடியோ, மனித இதயத்துக்கு ஒரு வீடியோ. பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள், பார்வைக்கு வருகிற அலுவலருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் நாற்பது நிமிஷ பீரியடில் ஒரு கேள்வி எழாது. யூடியூபில் போட்டால் நடுவில் விளம்பரம் வேறு. எட்டாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆன்லைன் ரம்மி விளம்பரம் வந்து குதித்ததை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது மட்டும்தான் மனதில் நின்றிருக்கும்.

நான் கணக்கு டீச்சர். எனக்குத் திரை எங்கே உதவுகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வடிவியலில், ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று ஒரு தேற்றம் வரும். கரும்பலகையில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, மூன்று புள்ளி வைத்து, கோணமானியால் அளந்தால் ஒன்று 50 வரும், ஒன்று 53 வரும். பிள்ளைகள் மரியாதைக்கு "சமம் டீச்சர்" என்பார்கள். நம்புவதில்லை. ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலியில் ஒரு வட்டம், ஒரு நாண், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை விரலால் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கோணம் 52 டிகிரி என்று திரையில் நிற்கிறது. புள்ளி நகர்கிறது, முக்கோணம் கோணல்மாணலாக ஆகிறது, 52 மட்டும் அசையவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து, "நான் இழுக்கிறேன் டீச்சர்" என்று வேகமாக இழுத்தான். புள்ளி நாணின் முனையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. எண் சட்டென்று 128 ஆனது. வகுப்பே கத்தியது, "மாறிடுச்சு!" கெடுத்துவிட்டோமோ என்று அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாக, "டீச்சர், ரெண்டையும் கூட்டினா 180" என்றாள். வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் அடுத்த வாரப் பாடம். நான் தொடங்கவே இல்லை.

அந்தச் செயலி இலவசம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001-இல் ஒரு மாணவரின் ஆய்வு வேலையாகத் தொடங்கியது. நம் பாடப்புத்தகத்திலேயே 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் அதற்கு இணைப்பும் கியூஆர் கோடும் இருக்கின்றன. அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். பாடப்பொருள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. எந்தப் பாடத்துக்கு எது, எத்தனை நிமிஷம், அதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும், பின்னால் என்ன எழுத வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பேச நேரம்தான் இல்லை. வருஷத்துக்கு நூறு பாடம் திரையில் நடத்த வேண்டாம். ஒரு வகுப்புக்கு, ஒரு பாடத்துக்கு, திரை இல்லாமல் சரிவர நடத்தவே முடியாத எட்டுப் பத்து இடம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும். மிச்சத்துக்குச் சாக்பீஸ் நன்றாகவே வேலை செய்கிறது.

நாங்கள் பயிற்சி என்ற பெயரில் படுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வட்டார வளமையத்தில் ஒரு நாள். ஹால் நிறைய ஆசிரியர்கள், முன்னால் ஒரு லேப்டாப். அதைப் பயிற்றுநர் இயக்குவார், நாங்கள் பார்ப்போம். மதியம் பிரியாணியோ தயிர் சாதமோ, மூன்று மணிக்கு ஃபீட்பேக் ஃபார்ம். மறுநாள் பள்ளிக்கு வந்து போர்டை ஆன் செய்தால், அங்கே காட்டியது ஒரு மாடல், இங்கே இருப்பது வேறு மாடல். பயிற்சியை என் வகுப்பறையில், என் போர்டில், என் பிள்ளைகளை வைத்துத் தாருங்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்து ஒரு பீரியட் கூட நின்றாலே போதும்.

வெளிநாட்டில் எல்லாம் இதைச் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டது. கணினி எண்ணிக்கை எங்கோ உயரத்துக்குப் போயிருந்தது, கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் நகரவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை, பாடம் நடத்தும் முறையில் ஒன்றும் மாறவில்லை. கொடுத்தார்கள், போனார்கள்.

நம் பக்கத்து வீட்டையே பார்க்கலாம். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. 2017-இல் அதையே கைட் என்ற நிறுவனமாக மாற்றினார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள். எண்ணிக்கையில் நாமும் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. அவர்களிடம் நான் பொறாமைப்படுவது வேறு விஷயங்களுக்கு. உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களிலேயே ஒருவர் ஐடி ஒருங்கிணைப்பாளர். மாவட்டத்தில் பயிற்சி தருகிற மாஸ்டர் டிரெய்னர்களும் வகுப்பறையிலிருந்து போன ஆசிரியர்கள்தான். எல்லாம் கட்டற்ற மென்பொருள் என்பதால் வருஷா வருஷம் லைசென்ஸ் கவலை இல்லை, ஒரு பள்ளியில் கற்றது அடுத்த பள்ளியிலும் செல்லும். பழுதானால் ஆன்லைனில் புகார் போடலாம், அது தீர்கிற வரை கணக்கில் நிற்கும். 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்று பிள்ளைகளுக்கே சங்கம் ஆரம்பித்தார்கள். பள்ளிக் கருவிகளைப் பார்த்துக்கொள்வதில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்சி மாறி மாறி வந்தும் அந்த நூல் அறவில்லை.

இங்கே நிலைமை என்ன? கணினி அறிவியல் படித்து பி.எட். முடித்தவர்கள் வேலை கேட்டுப் பல வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த டீச்சர் யாரோ அவர் தலையில் எமிஸ் வேலை, அதாவது பள்ளி விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றுகிற வேலை, முழுக்க விழும். வருகைப் பதிவு, இலவசப் பொருள் வழங்கிய விவரம், ஆதார், வங்கிக் கணக்கு. காலையில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், அவர் வகுப்பு காலியாக இருக்கும். தொழில்நுட்பம் தெரிந்தால் தண்டனை என்று ஆகிவிட்டதால் தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். நடுநிலைப் பள்ளி லேப்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் போட்டபோது நிம்மதியாக இருந்தது. கடைசியில் அவர்களும் எமிஸ் பார்க்கிறார்கள். நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டு மூன்று பள்ளிக்கு ஒருவர் என்றாலும் சரி, பாடத்துக்கும் கருவிக்கும் மட்டும் ஒரு ஆள். எமிஸுக்கு வேறு ஆள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். போர்டு மாட்ட வருகிறவர் ஆசிரியரைக் கேட்பதில்லை. ஆணி எங்கே சுலபமாக இறங்குகிறதோ அந்தச் சுவர். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டால் மதியத்துக்கு மேல் திரையில் வெயில்தான் தெரியும். கரும்பலகைக்கு ஒட்டினாற்போல் மாட்டினால் சாக்பீஸ் தூள் போய் உள்ளே சேரும். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் உட்கார்ந்துவிடும், மாற்றுவதற்குப் பணம் எடுக்கச் செலவுத் தலைப்பு இல்லை. கியூஆர் கோடு ஸ்கேன் செய்ய டீச்சர் சொந்த போன், சொந்த டேட்டா. ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் ஒரு நல்ல போர்டு சும்மா தொங்குவதற்கு இதில் ஒன்று போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள்தான் பெரும்பான்மை. கூட்டத்தில் தீர்மானம் போடும்போது "எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல், போன மாதம் அதில் எந்த வகுப்பு என்ன பாடம் பார்த்தது, எத்தனை நாள் ஓடவில்லை, புகார் யாருக்குப் போனது என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம், தெரிந்துகொள்கிற மாதிரி கேளுங்கள். தொடர்ந்து கேட்டால் பதிவேடு ஒன்று தானாக உருவாகும்.

முன்னாள் மாணவர்கள் சிலர் போன மாதம் வந்திருந்தார்கள். வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள், படித்த பள்ளிக்கு 65 இஞ்ச் டிவி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே இருக்கிற போர்டுக்கு ஒரு ஸ்டெபிலைசரும், சரியான எர்த் கனெக்‌ஷனும், மூன்று வருஷத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுத் தாருங்கள், அந்தக் காசில் மிச்சம்கூட வரும் என்றேன். ஒருவர் மட்டும் சிரித்துவிட்டார். "அது சரி டீச்சர், ஸ்டெபிலைசர் பக்கத்துல நின்னு எப்படி போட்டோ எடுக்கிறது?" போட்டோவுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறோம்.