வயித்து வலின்னு சொன்னப்போ நாங்க நம்பல

சின்ன பசங்க கிண்டல், இத போய் பெருசு பண்ணாதீங்கன்னு சொல்றவங்கள பாத்தா மனசு கொதிக்குதுங்க. என் பையன் ஏழாவது படிக்கிறப்போ தினமும் காலைல வயித்து வலின்னு சுருண்டு படுத்துப்பான், ஞாயித்துக்கிழமை மட்டும் வலி இருக்காது, நடிக்கிறான்னு நெனச்சு ரெண்டு தடவ அடிச்சு கூட அனுப்பிச்சிருக்கோம், அப்புறம் தான் தெரிஞ்சுது, அவனுக்கு பேச்சு திக்கும், ஸ்கூல் வேன்ல நாலு பேர் வேணும்னே அவன பேச வச்சு சிரிச்சிருக்காங்க. இப்போ காலேஜ் போறான், இன்னும் கடைல போய் ஒரு பொருள் கேக்க தயங்குறான்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரில 2023 ஆகஸ்ட்ல நடந்தது மறந்துடுச்சா? சாதிய சொல்லி கூட படிக்கிறவங்க கொடுமை பண்றாங்கன்னு ஸ்கூலுக்கே போகாம இருந்த பையன், டீச்சர்ட்ட சொன்னதுக்காக வீடு தேடி வந்து அவனையும் தடுக்க வந்த தங்கச்சியையும் அரிவாளால வெட்டினாங்க. அதுக்கப்புறம் தான் ஸ்கூல் பசங்களுக்குள்ள சாதி வன்முறைய தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கமிட்டியே போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தார். வெட்டுப்பட்ட அந்த பையன் காயத்தோட படிச்சு பிளஸ் டூல 469 மார்க் எடுத்தான், எல்லாரும் பாராட்டினோம், சரி, ஆனா அவனுக்கு ராத்திரி தூக்கம் வருதான்னு எத்தன பேர் கேட்டோம்?

வீட்ல பிள்ளைங்க திடீர்னு ஸ்கூலுக்கு போகமாட்டேன்னா தயவுசெஞ்சு அடிக்காதீங்க, பக்கத்துல உக்காந்து கேளுங்க, குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் கூட பண்ணலாம்.